எரியாத ஏரிகள்

யுவராணி வைக்கும் சால்டரைப் பார்த்ததுமே இது அவள் கை என்று சொல்லிவிடலாம். ஒயரின் நுனியைக் கொக்கி போல மடக்கி, அதன்மேல் ஈயத்தைக் குன்றிமணி அளவுக்கு உருக்கி நிறுத்துவாள். ஆறியதும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு துடைப்பு. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இன்வெர்ட்டர் போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே அசெம்ப்ளி லைனில் அதே வேலை. அவளுடைய அப்பா அம்மா கள்ளிக்குப்பத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் மனையாகி, மாடியாகி, இப்போது அங்கே இரண்டு செல்போன் கடைகள் இருக்கின்றன.

அவள் புருஷன் எத்திராஜ், மகள் சுவேதா மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போனான். ஆறு மாதத்தில் வருவதாகச் சொன்னான். அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பேச்சை யுவராணி வீட்டில் எடுப்பதில்லை. சுவேதாவும் கேட்பதில்லை. இருவருமாகவே காலம் ஓடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் யார் கிள்ளினார்கள் என்பது முதல் ஆபீஸில் யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பது வரை அம்மாவிடம் சொல்லாத செய்தி எதுவும் சுவேதாவிடம் கிடையாது.

சுவேதா எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கடை வாசல்களில் எழுத்து ஓடும் விளக்குப் பலகைகள் செய்யும் சின்ன நிறுவனத்தில் வேலை. புனேவில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு அவள் விண்ணப்பம் போட்டது ஒரு விளையாட்டுக்குத்தான். அருங்காட்சியகங்களுக்கும் அறிவியல் மையங்களுக்கும் விளக்கு வைத்த காட்சிகள் செய்கிற கம்பெனி அது. போனில் இரண்டு முறை பேசினார்கள். இரண்டிலும் தேறினாள். கடைசிச் சுற்றுக்கு, தானே செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். சென்னை ஆட்களை எஸ்டேட்டிலேயே ஒரு ஹாலில் வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

என்ன செய்வது என்று யோசித்தபோது ஏரிகள்தான் சுவேதாவுக்கு நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு மழைக்கும் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஊர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டலாம். ஒரு பிளைவுட் பலகை. அதில் அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ரெட்டேரி மூன்றையும் பால் நிற அக்ரிலிக்கில் வெட்டிப் பதிக்க வேண்டும். அடியில் குட்டி விளக்குகள் வரிசையாகப் பதித்த எல்.இ.டி. ஸ்ட்ரிப். பட்டனை அழுத்தினால் மேல் ஏரியில் நீல வெளிச்சம் சொட்டுச் சொட்டாக நிறையும். நிறைந்ததும் கால்வாய் வழியாக ஓடி அடுத்த ஏரியில் விழும். கால்வாய் அடைபட்ட இடத்தில் நீலம் பக்கத்துத் தெருக்களில் ஏறிச் சிவப்பாகும்.

"இத்தினி லைட்டுக்கும் ஒரே ஒயருதானா?" என்று முதல் நாளே யுவராணி கேட்டாள். சமையல்கட்டுக்கு வெளியே பாயை விரித்து, ஸ்ட்ரிப்பை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். லைனில் இருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் ராத்திரிச் சோறு வரைக்கும் மகளோடு இந்த வேலைதான்.

"மூணு ஒயரும்மா. செவப்பு அஞ்சு வோல்ட். கருப்பு கிரவுண்டு. நடுவுல இந்தப் பச்சைதான் டேட்டா. நான் புரோகிராம் ஏத்தின போர்டுல இருந்து சேதி இது வழியாத்தான் போகும். முதல் லைட்டு தனக்கு வந்தத எடுத்துக்கிட்டு மிச்சத்த அடுத்த லைட்டுக்குத் தள்ளிவிடும். அது தனக்கு உள்ளத எடுத்துக்கிட்டு அடுத்ததுக்கு."

"அப்ப நடுவுல ஒண்ணு தள்ளலன்னா?"

"அதுக்கு அப்புறம் இருக்கறது எல்லாம் இருட்டுதான்."

யுவராணி ஸ்ட்ரிப்பைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இன்னாடி இது, தம்மாத்தூண்டு அம்புக்குறி போட்டுக் கீது?"

சுவேதாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா கேட்கும் கேள்விகள் சரியான கேள்விகள். "அந்தப் பக்கமாத்தான் சேதி போகும்னு அர்த்தம். தண்ணி மாதிரிதாம்மா, ஒரே வாட்டம். திருப்பி ஒட்டினா கரன்ட் வரும், எல்லாம் சரியா இருக்கற மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணும் எரியாது."

"ஒடைஞ்சிடுமா?"

"சேச்சே. ஒண்ணும் ஆகாது. மறுபடி நேரா ஒட்டினா எரியும்."

யுவராணி தலையாட்டிக்கொண்டு சால்டர் வைக்கும் இரும்பைச் சூடாக்கினாள். ஸ்ட்ரிப்பைச் செம்புப் பட்டையில் வெட்டுவது, ஒவ்வொரு துண்டையும் மூன்று சின்ன ஒயர்களால் அடுத்த துண்டோடு இணைப்பது, எல்லாம் அவள்தான் செய்தாள். சுவேதா ஒரு முறை தானே ஒன்றைப் பற்ற வைத்தாள். ஈயம் கட்டி தட்டிப் பக்கத்துப் பட்டையோடு ஒட்டிக்கொண்டது. "எங்க சூப்பர்வைசர் பாத்தா ஒன்ன அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிச்சிருவாரு," என்றாள் யுவராணி. இருவரும் சிரித்தார்கள். அந்தச் சில வாரங்கள் வீடு முழுக்க ஈயப் புகை வாசனையும் சிரிப்புமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் முதல் முறையாக முழுப் பலகையும் ஓடியது. விளக்கை அணைத்துவிட்டு சுவேதா பட்டனை அழுத்தினாள். அம்பத்தூர் ஏரி நிறைந்தது, வழிந்தது, கொரட்டூருக்கு ஓடியது. அவள் அதை போனில் வீடியோ எடுத்தாள். படத்தின் ஓரத்தில் யுவராணி முகவாயில் கை வைத்துக்கொண்டு நீல வெளிச்சத்தில் வாய்விட்டுச் சிரிப்பது தெரிந்தது.

விளக்கைப் போட்ட பிறகு யுவராணி கேட்டாள். "புனேன்னா ரயில்ல எவ்ளோ நேரம்?"

"ஒரு நாள் ஆகும்மா. முதல்ல செலக்ட் ஆகட்டும்."

"ஆயிருவ," என்றாள் யுவராணி. சோறு போட எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மகளை எழுப்பி, "மாங்காட்டு அம்மனுக்கு எலுமிச்சம்பழம் குடுத்துட்டு வந்துடு பாப்பா. மனசார வேண்டிக்கோ," என்றாள். திங்கட்கிழமைதான் நேர்காணல். அதற்குள் நிரலில் சில வரிகளைத் திருத்தலாம் என்று சுவேதா நினைத்திருந்தாள். ஆனாலும் அம்மா ஆசையாகச் சொல்கிறாளே என்று கிளம்பினாள். பூந்தமல்லி வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வரிசையில் நின்று, பழம் கொடுத்து, இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று உதட்டை அசைத்து வேண்டிக்கொண்டு, வீடு வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

பலகை கட்டித் தயாராக இருந்தது. பஞ்சு மெத்தை போலப் பழைய போர்வையைச் சுற்றி, மேலே பெட்ஷீட் போட்டு, நாலு பக்கமும் கோணி ஊசியால் தைத்திருந்தாள் யுவராணி.

"இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கலாம்னு இருந்தேனே."

"அதான் நேத்தே பாத்தியே. சும்மா தொறந்து தொறந்து மூடினா ஒயரு கியரு உட்டுப் போவும். ஷேர் ஆட்டோல குலுங்கும்னுதான் இப்டிக் கட்டினேன்." கோயிலில் கொடுத்த பழத்தை வாங்கி, பலகைக்கு மேலே குங்குமம் வைத்து, பழத்தை அதன்மேல் வைத்தாள். சுவேதாவுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை யுவராணி லீவு போட்டாள். ஆட்டோவில் பலகையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். ஹாலின் வாசலில், "நான் அந்த டீக்கடை கிட்ட கீறேன். நீ தைரியமாப் போ," என்றாள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். போனில் பேசிய நிவேதிதா என்ற பெண்மணிதான் நடுவில். சுவேதா தையலைப் பிரித்து, பலகையைச் சாய்த்து நிறுத்தி, ஒயர்களை மாட்டினாள். ஏரிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் நடுக்கம் போய்விட்டது. நிவேதிதா முன்னால் சாய்ந்து கேட்டாள்.

"சரி, பாக்கலாமா?"

சுவேதா பட்டனை அழுத்தினாள். ஒன்றும் எரியவில்லை.

மறுபடி அழுத்தினாள். மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இருக்கிற சின்ன விளக்கு மினுங்கியது. நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வோல்ட் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஸ்ட்ரிப்பின் இந்த முனையில் ஐந்து வோல்ட். அந்த முனையிலும் ஐந்து வோல்ட். கிரவுண்டு சரி. டேட்டா ஒயரை மாற்றினாள். நிரலை மறுபடி ஏற்றினாள். கையில் கொண்டுவந்த மாற்று போர்டைப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஏரிகள் மட்டும் வெள்ளைத் தட்டுகளாக இருந்தன. அக்ரிலிக்கைக் கழற்றிப் பார்க்கச் சுற்றிலும் ஸ்குரூ. அதற்கு நேரமில்லை.

"சனிக்கிழமை எரிஞ்சுது மேடம். வீடியோ இருக்கு," என்று போனை நீட்டினாள்.

நிவேதிதா வீடியோவை முழுதும் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு," என்றாள். பக்கத்தில் இருந்தவர்தான் சொன்னார். "வீடியோ எல்லாரும் காட்டுவாங்கம்மா. மியூசியத்துல ஒரு கொழந்தை வந்து பட்டனை அழுத்தும்போது அது எரியணும். எங்க வேலையே அதுதான்."

வெளியே வந்தபோது யுவராணி டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பலகையை வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் சுவேதா அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். யுவராணி மகளின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"எங்க தப்பு விட்டேன்னே தெரியலம்மா. உன் உழைப்பையும் சேர்த்து வீணாக்கிட்டேன். மன்னிச்சுக்கோ."

"உடு பாப்பா. போனாப் போவுது. நமக்கு இங்க இல்லாத வேலையா?"

அன்று அவள் மகளுக்குப் பிடித்த வஞ்சிர மீன் வாங்கி வறுத்தாள். முள் எடுத்து ஊட்டிவிட்டாள்.

பலகை பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்றது. சுவேதா அதைத் தொடவில்லை. ஆனால் அந்த ஹாலை விட்டு அவளால் வெளியே வர முடியவில்லை. எதையாவது ஒட்டும்போது கை நின்றுவிடும். ஆபீஸில் ஒரு வேலையை முடித்துவிட்டு, மறுபடி திறந்து பார்ப்பாள், மறுபடி. கோயம்பேடு பக்கம் ஒரு பெரிய துணிக்கடையின் முகப்பு முழுவதற்கும் விளக்கு வைக்கும் வேலை வந்தது. அதை நீ எடுத்துச் செய் என்று முதலாளி அவளைத்தான் கேட்டார். தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். அதையும் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். "எனக்கு வராதும்மா. படிச்சிட்டேன், அவ்ளோதான். கை வராது." யுவராணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இருக்கறத வெச்சு நிம்மதியா இருந்தாப் போறும்," என்றாள்.

இஸ்மாயில் ஆபீஸில் சுவேதாவுக்குப் பக்கத்து மேஜை. ஒரு அவசரத்துக்கு போர்டு ஒன்று தேவைப்பட்டபோது அவன்தான் கேட்டான். "அந்த இன்டர்வ்யூக்கு எடுத்துக்கினு போனியே, அந்த போர்டு இன்னா ஆச்சு?"

"அது செத்துப் போச்சுன்னு நினைக்கிறேன்."

"குடேன், பாப்போம்."

மறுநாள் அவள் கொண்டுவந்து கொடுத்ததை அவன் மேஜையில் கிடந்த ஒரு துண்டு ஸ்ட்ரிப்பில் மாட்டினான். நீல நிறம் சொட்டுச் சொட்டாக நிறையத் தொடங்கியது. அவளுடைய அம்பத்தூர் ஏரி.

"போர்டு சூப்பராக் கீது. உன் பலகைலதான் எங்கியோ டேட்டா போவல. தொறந்து பாத்தியா?"

திறந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயம். தன் முட்டாள்தனம் என்னவென்று தெரிந்துவிடும் என்ற பயம்.

அன்று மதியமே தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். யுவராணி ஷிப்டிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. பலகையைத் தரையில் படுக்க வைத்து ஸ்குரூக்களைக் கழற்றி, முதல் ஏரியின் அக்ரிலிக்கைத் தூக்கினாள். போர்டிலிருந்து வரும் மூன்று ஒயர்களும் நன்றாகவே இருந்தன. முதல் துண்டு ஸ்ட்ரிப்பின் அம்புக்குறியைப் பார்த்தாள். அது போர்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

முதலில் அவளுக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு சின்னத் தப்பா. இதற்கா. பிறகு சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. அம்பு இப்படி இருந்தால் சனிக்கிழமை எப்படி எரிந்தது? போனை எடுத்து வீடியோவைப் போட்டாள். ஏரி நிறைந்து வழிந்தது. அம்மா சிரித்தாள்.

அவள் குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். மற்ற துண்டுகளுக்கு அடியில் இருந்த ஒட்டுநாடா வெள்ளை. இந்தத் துண்டுக்கு அடியில் மட்டும் மஞ்சள். திருப்பி வைத்தவர் சிவப்பையும் கருப்பையும் மாற்றிவிடாமல், அதது அதனதன் பட்டையிலேயே பார்த்து வைத்திருந்தார். மாற்றியிருந்தால் ஸ்ட்ரிப்பே கருகியிருக்கும். ஒயரின் நுனி கொக்கி போல மடங்கியிருந்தது. அதன்மேல் ஈயம் குன்றிமணி அளவுக்கு. சுற்றிலும் ஒரு கறை இல்லை, ஸ்பிரிட்டில் துடைத்திருந்தது.

சுவேதா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே குடிநீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. அவள் எழுந்து போகவில்லை.

யுவராணி கறிவேப்பிலையும் பால் பாக்கெட்டுமாக வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே தரையில் பலகை திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டாள். பிறகு நேராகச் சமையல்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"இன்னா சீக்கிரம் வந்துட்ட? டீ போடட்டா?"

"மா, இங்க வா."

"பால் பொங்கிடும்."

"வாம்மா."

யுவராணி வந்து கதவருகே நின்றாள். சுவேதா முதல் துண்டைத் தொட்டுக் காட்டினாள். "இது யார் வெச்சது?"

"எல்லாம் நாந்தானே வெச்சேன்."

"அம்பு திரும்பி இருக்கு."

"நான் இன்னாத்தக் கண்டேன்? நீ குடுத்தப்பவே அப்டிக் குடுத்திருப்ப. அன்னிக்குத் தூக்கமும் இல்லாம இருந்த."

சுவேதா வீடியோவைப் போட்டு போனைத் தரையில் வைத்தாள். சின்னத் திரையில் நீலம் ஓடியது. யுவராணியின் சிரிப்புச் சத்தம் அறையில் கேட்டது. அது முடியும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்தது. யுவராணி ஓடிப் போய் அணைத்துவிட்டு, திரும்பி வந்து, சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"எதையும் ஒடைக்கல பாப்பா," என்றாள். "ஒரு லைட்டு கூடப் போவல. திருப்பித்தான் வெச்சேன். மறுபடி திருப்பினா எரியும்னு நீதானே சொன்ன."

"ஞாயித்துக்கெழமையா?"

யுவராணி தரையைப் பார்த்தாள்.

"என்ன மாங்காட்டுக்கு அனுப்பினதே இதுக்குத்தானா?"

யுவராணியின் தலை இன்னும் குனிந்தது. அதுவே போதுமாக இருந்தது. சுவேதாவுக்கு அந்த வரிசையும் கையில் எலுமிச்சம்பழமும் தன் உதடுகள் அசைந்ததும் கண்முன் வந்தன. அவள் அங்கே வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே இரும்பு சூடாகிக்கொண்டிருந்தது.

"போவாதன்னு சொல்லியிருக்கலாம்லம்மா. சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்."

"போயிருக்க மாட்ட. தெரியும்." யுவராணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா ஆயுசுக்கும் என்ன மனசுக்குள்ள திட்டிக்கினே இருந்திருப்ப. அம்மாவாலதான் கெட்டுச்சுன்னு. அத நான் எப்டித் தாங்குவேன்? உங்கப்பனும் ஆறு மாசம்னுதான் சொல்லிட்டுப் போனான். நீயும் போனா நான் யாரப் பாத்துக்கினு இருப்பேன், சொல்லு."

"அதனால நான் என்னையே திட்டிக்கட்டும்னு விட்டுட்ட."

யுவராணி மெதுவாகத் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டவில்லை.

"ஆட்டோல நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

"பாப்பா..."

"என் தலையத் தடவின. மீனு வறுத்து முள் எடுத்து ஊட்டிவிட்ட. அந்தக் கடை வேலைய வேணாம்னுட்டு வந்து, எனக்குக் கை வராதும்மான்னு சொன்னேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லணும்னுதான் இருந்தேன். தெனமும். வாய் வரல."

அழுகை வரும் என்று சுவேதா எதிர்பார்த்தாள். வரவில்லை. எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கைகளையே பார்த்தாள். அந்தக் கைகள் தனக்குச் சின்ன வயதில் பின்னிய சடையும் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவும் எல்லாம் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். பலகையைச் சுற்றித் தைத்ததும் அதே கைதான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் இரும்பை எடுத்துச் சூடாக்கினாள். முதல் துண்டைப் பெயர்த்து, நேராகத் திருப்பி, தானே பற்ற வைத்தாள். ஈயம் வழக்கம் போலக் கட்டி தட்டியது. சுரண்டி எடுத்து மறுபடி வைத்தாள். யுவராணி ஒரு முறை கையை நீட்டினாள். சுவேதா இரும்பைத் தரவில்லை. நேரமாகி ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியபோது போர்டை மாட்டிப் பட்டனை அழுத்தினாள். நீலம் நிறைந்தது, வழிந்தது, கால்வாயில் ஓடியது.

"எரியுது," என்றாள் யுவராணி, சின்னக் குரலில்.

சுவேதா பிளக்கைப் பிடுங்கினாள்.

மறுநாள் ஆபீஸ் மாடியில் நின்று நிவேதிதாவுக்குப் போன் செய்தாள். என்ன சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள். ஆனால் நிவேதிதாவின் குரலைக் கேட்டதும், நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு ஸ்ட்ரிப் திரும்பி இருந்துச்சு மேடம். இப்ப சரி பண்ணிட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

"அடடா. கௌம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்திருக்கலாமே," என்றாள் நிவேதிதா. "அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு சுவேதா. உங்கள நினைச்சு எனக்கே கஷ்டமாத்தான் இருந்துது."

"ஆமா மேடம். பாத்திருக்கணும்," என்றாள் சுவேதா. தப்பு தன் பேரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அம்மாவைக் காட்டிக் கொடுக்க முடியவில்லை என்பது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

முதலாளியிடம் போய்த் துணிக்கடை வேலையைக் கேட்டாள். அது இஸ்மாயிலுக்குப் போயிருந்தது. அவன் தானாகவே, "பாதிய நீ எடுத்துக்கோ. என்னால தனியா மாரடிக்க முடியாது," என்றான். எடுத்துக்கொண்டாள். சால்டர் வைக்கவும் பழகினாள். அவள் வைப்பது அழகாக இல்லை, ஆனால் பிடித்து நின்றது.

வீட்டில் பேச்சு குறைந்தது. சண்டை இல்லை. சோறு ஆச்சா, சிலிண்டர் வந்துதா, அவ்வளவுதான். யுவராணி எதையாவது தொடும் ஒவ்வொரு முறையும் சுவேதாவின் கண் அங்கே போனது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வந்து அது வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பாள். கதவின் தாழ்ப்பாள் சத்தம், அம்மா பாத்திரம் கழுவும் சத்தம், எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டாள். ஒரு நாள் தன் டிபன் டப்பாவைத் திறந்து, இதில் என்ன வைத்திருக்கிறாள் என்று ஒரு நொடி யோசித்தாள். எலுமிச்சம்பழச் சோறுதான். அந்த ஒரு நொடி அவளைப் பயமுறுத்தியது. இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று அன்றுதான் தீர்மானித்தாள்.

ஜெபா என்ற தோழி அயனம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். அங்கே ஓர் அறை காலியாக இருந்தது. சுவேதா துணிகளை எடுத்து வைக்கும்போது யுவராணி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எம்மேல கோவம்னா திட்டு. அடிச்சிக் கூடப் போடு. ஊட்ட உட்டு ஏன் போற?"

"கோவம் இல்லம்மா."

உண்மையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒரு நாள் தீர்ந்திருக்கும். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பக்கத்துலதானே இருக்கேன். பஸ்ஸு ஏறினா வந்துடலாம்."

"பலகைய எடுத்துக்கலையா?"

"அது வேணாம்."

யுவராணி தெருமுனை வரை வந்தாள். கையில் இருந்த கீரைக்கட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கடைசியில் கொடுக்காமலே நின்றுவிட்டாள்.

அவள் மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் அயனம்பாக்கத்துக்கு வருவாள். தூக்குவாளியில் மீன் குழம்பு இருக்கும். ஜெபா அவளோடு நன்றாகப் பேசுவாள். சுவேதா குழம்பை வாங்கிக்கொள்வாள், சாப்பிடுவாள், நன்றாக இருக்கிறது என்பாள். மழைக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை யுவராணி படியேறி வரும் சத்தம் கேட்டது. சுவேதா லேப்டாப்பில் எழுதிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. அவர்களுக்குக் காட்டுவதற்காகப் புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தாள். அம்மாவின் குரல் கேட்டதும் மூடியைச் சாத்தினாள். கட்டிலில் பரப்பியிருந்த ஸ்ட்ரிப் துண்டுகளைப் போர்வையால் மூடினாள்.

யுவராணி உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக ஏரி தெரிந்தது. காற்று நன்றாக வந்தது. லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்களைப் பற்றிச் சொன்னாள். முதுகு வலியைப் பற்றிச் சொன்னாள். சுவேதா டீ போட்டுக் கொடுத்தாள்.

"இளைச்சிட்ட," என்றாள் யுவராணி.

"இல்லம்மா. வேலை ஜாஸ்தி."

டீயை ஆற்றிக்கொண்டே யுவராணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலில் மேடாக இருந்த போர்வையில் கண் ஒரு கணம் நின்று நகர்ந்தது. அறையில் ஈய வாசனை இருந்தது. அது அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

"வேற எங்கியாச்சும் வேலைக்கு எழுதிப் போட்டுக் கீறியா பாப்பா?"

சுவேதா அம்மாவின் கண்களைப் பார்த்தாள். "இல்லம்மா," என்றாள். குரல் நடுங்கவில்லை, முகம் மாறவில்லை. இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"சரி," என்றாள் யுவராணி. மிச்ச டீயைக் குடித்தாள். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சுவேதா பஸ் நிறுத்தம் வரை போய் ஏற்றிவிட்டாள். ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்த யுவராணி கையசைத்தாள். சுவேதாவும் அசைத்தாள். பஸ் திரும்பும் வரை நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து, போர்வையை எடுத்து மடித்து வைத்தாள்.